நடுவில் நிற்கும் குரல்

ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் நான்கும் சிவந்து கனன்றுகொண்டிருந்தன. பாட்டு இன்னும் போடவில்லை. போடவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி வரைக்கும் ராகுகாலம், அது கழிந்தால்தான் முதல் பாட்டு என்று நாச்சிமுத்து மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடேற வேண்டும், சூடேறாமல் பாடினால் அது தூக்கத்தில் எழுப்பிய ஆளைப் போலப் பேசும், அதனால் சுவிட்சை மட்டும் ராகுகாலம் பிறக்கும் முன்பே தட்டிவிட்டாயிற்று. ராகுவுக்கும் குறையில்லை, வால்வுக்கும் குறையில்லை. அவரே கையால் கம்பி சுற்றிக் கட்டிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் தலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார். கோயமுத்தூர் கணபதியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. இந்த ஜில்லாவின் கிணறுகளில் பாதி என் காயிலில்தான் தண்ணி எறைக்குது என்று சொல்லிக்கொள்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கை பூங்கோதையும் அவள் புருஷனும் டென்மார்க்கை விட்டுக் கோயமுத்தூருக்கே திரும்பி வந்து, புருஷன் வீட்டுப் பின்னறையில் ரம்பமும் பசையுமாக ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்ததைப் பார்த்ததிலிருந்து மச்சானுக்கும் கை அரித்தது. பெட்டி உங்களுது, ஆம்ப்ளிஃபயர் நம்முளுது, ரெண்டும் சேருதான்னு உங்க காது சொல்லட்டும் மாப்ள, சொல்லிருச்சுன்னா பட்டறையில பாதியைக் காலி பண்ணி இந்த வேலையவே பாக்கலாம். அப்படித்தான் ஆரம்பித்தது. உங்க காது. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே நின்றுகொண்டிருந்தது. அந்தக் காதுக்குச் சொந்தக்காரன் தெய்வசிகாமணி, சோபாவின் நடுவில், இரண்டு பெட்டிக்கும் சரிசமமான தூரத்தில், சாமி வந்து இறங்கப்போகிற ஆள் மாதிரி கை இரண்டையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது காது கேட்காது.

கேட்காது என்றால் சுத்தமாகக் கேட்காது. தை மாதத்தில் ஒரு காலை எழுந்தபோது தலையின் இடது பாதியில் யாரோ மெத்தைப் பஞ்சைத் திணித்துவிட்டுப் போனது போலிருந்தது. குளித்த தண்ணீர் நிற்கிறது என்று நினைத்தான். தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்தான். சளி என்று நினைத்தான். பொங்கல் கழியட்டும் என்று நினைத்தான். நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டுப் போனபோது ஆர்.எஸ்.புரத்து டாக்டர் விளக்கை நெற்றியில் ஏற்றிவிட்டு, உடனே வந்திருக்கணும், இப்ப நரம்பு போயிடுச்சு என்றார், கடைசி பஸ் போயிடுச்சு என்று சொல்கிற குரலில். பஞ்சுக்குள்ளே ஒரு கீச்சு மட்டும் மிச்சமிருந்தது. நிற்கவே நிற்காத, எங்கேயோ பல வீடுகளுக்கு அப்பால் யாரோ அணைக்க மறந்த குக்கர் போன்ற ஒரு கீச்சு. முதலில் அதற்கு ஒரு சுருதி கண்டுபிடித்து வைத்தான், பெயர் வைத்தால் பயம் குறையும் என்று. குறையவில்லை. இப்போது, மாலை வெயில் பால்கனிக் கம்பி வழியாகத் தரையில் கோடு கோடாக விழுந்திருக்கும் இந்த நேரத்தில், அந்தக் கீச்சு வால்வுகளின் சிவப்பிலிருந்து வருவது போலிருந்தது. கண்ணை மூடினால் சிவப்பு போய்க் கீச்சு மட்டும் மிஞ்சியது. திறந்தால் கீச்சே சிவந்தது. வலது பக்கத்தில் மட்டும் உலகம் பழையபடி இருந்தது: சமையலறையில் பால் பாத்திரம், கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் உதைத்து உதைத்துக் கிளம்பாமல் நிற்பது, பக்கத்து வீட்டு மின்விசிறியின் நொண்டல். எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே தட்டில் போட்டு வைத்தது மாதிரி. தூரம் தெரிந்தது, திசை இல்லை. தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் கூட அப்படித்தான் ஆயிற்று. பெட்டிகளுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். வலது பெட்டி முடிந்து, இடது பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டுக் கம்பி நுனியை முறுக்கிக் கையில் பிடித்திருந்தபோது தோளுக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. மச்சான் பேசுகிறார். என்ன பேசினார் என்று தெரியாது, எவ்வளவு நேரமாகப் பேசுகிறார் என்றும் தெரியாது. சடாரென்று எழுந்து உடம்பு முழுவதையும் திருப்பி, ஆமாங்க என்றான். ஆமாங்க என்பது பெரும்பாலும் தப்பாகாத பதில், தையிலிருந்து அவன் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். மச்சான் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். நாலா எட்டான்னு கேட்டா ஆமாங்கன்னா எப்படி மாப்ள. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு என்றும் எட்டு என்றும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய திருகாணிகள் இருந்தன. நாலு ஓம் மின்தடை உள்ள பெட்டிக்கு நாலில் மாட்ட வேண்டும், எட்டு ஓம் பெட்டிக்கு எட்டில். அவன் பெட்டிகள் பேருக்குத்தான் எட்டு. கீழ்ச்சுருதியில் இறங்கும்போது நாலுக்கும் கீழே போய், தாங்கு தாங்கு என்று ஆம்ப்ளிஃபயரின் கையைப் பிடித்து இழுக்கும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, பேச்சு வளர்ந்து, மோட்டாரில் போய், பம்பில் போய், எந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்பதில் போய் முடிந்தது. அவரே ஆம்ப்ளிஃபயரின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து எட்டில் இருந்த வயர்களை நாலுக்கு மாற்றினார். கைகழுவிச் சாப்பிட்டார்கள்.

பலமான ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள், எத்தனை வாட் தாங்கும் என்று. ஆனால் அவன் கையால் திறந்து பார்த்த பொசுங்கிய ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் பலமில்லாத ஆம்ப்ளிஃபயர் செய்தது. சக்தி தீர்ந்தபிறகும் அது நிறுத்தாது. கொடுக்க முடியாததையும் கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளும். ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரச் சட்டமாகிவிடும், அந்த வெட்டின் கூர்மை நேராகப் போய் மேல்சுருதி ஸ்பீக்கரை, இருப்பதிலேயே சின்னதை, மெல்லியதைச் சுடும். காதுக்கு அது முதலில் உற்சாகமாகத்தான் கேட்கும். அடடா என்ன தெளிவு என்பார்கள். ஐந்து மாதமாக அவன் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான். மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புதுச் சுற்று, ஒரு புதுக் காகிதம், ஒரு புது வார்னிஷ் என்று கொண்டுவருவார். இவன் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒற்றை ஹெட்ஃபோனை வலது காதில் அழுத்திக் கேட்டுவிட்டு, போன வாரத்துக்கு இது தேவலைங்க என்பான், இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும் என்பான். எது எவ்வளவு அடர்த்தி என்று ஒரு காதே சொல்லிவிடும். எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லாது. அதைத்தான் இன்றைக்கு மச்சான் கேட்கப்போகிறார். குரல் எங்க நிக்குதுங்க மாப்ள. இரண்டு பெட்டி, இரண்டு காயில், இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒத்துப்போனால் ஒன்றுமில்லாத நடுவெளியில் ஒரு ஆள் வந்து நின்று பாடும். அந்த ஆளைப் பார்த்துச் சொல்லத்தான் இவன். சொன்னால் பட்டறையில் பாதி போகும். மோட்டார்கள் போகும், இருபது வருஷமாக அவரிடமே வருகிற தோட்டக்காரர்கள் வேறு பட்டறை தேடுவார்கள். ஒரு செவிட்டுக் காதின் வாக்கை நம்பி.

அங்கே, டென்மார்க்கில், அவன் வேலை பார்த்த ஸ்பீக்கர் கம்பெனியில், கேட்பதற்கென்றே ஒரு அறை இருந்தது. சுவர் முழுவதும் கனத்த கம்பளி, ஜன்னல் ஒன்றே ஒன்று, குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், அந்த இருட்டில் பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்துவிட்டு இங்கர் என்ற வெள்ளைமுடிக்காரி அவன் கையில் ஒரு மூங்கில் கம்பைக் கொடுப்பாள். பாட்டு ஓடும். ஆள் எங்கே நிற்கிறது என்று திரையில் கம்பால் சுட்டிக்காட்ட வேண்டும். அதுதான் உத்தியோகம். ஊருக்கு எழுதிய காலத்தில் அதை எப்படிச் சொல்வதென்று அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. தமிழில் சொன்னால் குறி சொல்வது போலிருந்தது, இங்கிலீஷில் சொன்னால் சம்பளத்துக்குச் செய்கிற வேலை போலிருந்தது, இரண்டும் இல்லை. இல்லாத ஒரு ஆளை இருக்கும் இடத்தில் தொடுவது. அவன் கம்பு பிசகவே பிசகாது. ஒரு குளிர்காலத்தில் அங்கே மீன் ஆலையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தியைக் கூட்டிவந்து, இரண்டு மைக்குக்கு நட்டநடுவில் சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு நிற்க வைத்து ஒரு விருத்தம் பாட வைத்தான். அசையாம நில்லுங்க அக்கா. அவள் கையில் மீன் வாடையும் எலுமிச்சை சோப்பு வாடையும் இருந்தது. அசையாமல்தான் பாடினாள். கடைசி வரிக்கு வரும்போது ஜன்னலுக்கு வெளியே அந்த வருஷத்து முதல் பனி இறங்க ஆரம்பித்தது, பாடிக்கொண்டே அதைப் பார்க்க ஒரு எட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள், தான் நகர்ந்தது தெரியாமலே. அவன் நிறுத்தவில்லை. மறுபடி பாடச் சொல்லவும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு எட்டு அப்படியே பதிவில் இருந்தது, இத்தனை வருஷமாக அவன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒரு இடமாக. தைக்குப் பிறகு அங்கே போக முடியவில்லை. பாட்டு ஓடும், குரல் வரும், கடைசி வரி வரும். பனி வராது.

பூங்கோதை ஏதோ எடுக்க அந்தப் பக்கமாகப் போனாள். போகும்போது மச்சானிடம் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார், சிகாமணியும் சிரித்து வைத்தான். இவளுக்குத் தெரியுமோ என்ற எண்ணம் எப்போதாவது எழும், உடனே அதைத் தட்டிப் படுக்க வைத்துவிடுவான். இவளுக்கு இதிலெல்லாம் நாட்டமே கிடையாது. டென்மார்க்கில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்கப் பாத்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் வேண்டியிருந்தது அமைதிதான். இங்கே வந்து அவளுக்குப் புதிதாகப் பிடித்த பைத்தியம் கார் ஓட்டுவது. நாற்பத்தைந்து வயதில், சாலையில் போகிற எருமைக்குக்கூடப் பயப்படுகிறவள், மாசியில் திடுமென்று பழகக் கிளம்பி, இப்போது சந்தைக்கானாலும் கோவிலுக்கானாலும் நானே ஓட்டறேனுங்க, நீங்க செவனேன்னு பக்கத்துல உக்காருங்க என்று சாவியைப் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் பேசிக்கொண்டே ஓட்டுவாள். கார்ப் பேச்சு மட்டும் அவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். கார் ஒரு சின்ன அறை, அதனால் என்று நினைத்துக்கொள்வான்.

எங்கேயோ ஒரு மில்லில் சங்கு ஊதியது. ஆறு. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, வால்வுகளுக்கு ஒரு கும்பிடு போட்டார், சிகாமணிக்கும் சேர்த்துப் போட்டது மாதிரி இருந்தது. பாட்டை அவரே போட்டார். எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை, அவன் எப்போதும் அந்த விருத்தத்தைத்தான் வைப்பான் என்று அவருக்குத் தெரியும். தம்புரா முதலில் வந்தது. பிறகு அக்கா. பூமிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறுவது போல மெதுவாக, வலது காது நிறைய. மச்சானின் கம்பிகள் நல்ல கம்பிகள், அதில் சந்தேகமில்லை. குரலின் அடியில் தொண்டைச் சூடு இருந்தது, மூச்சு இழுக்கும் இடத்தில் உதடு பிரிவது கேட்டது, சோப்பு வாடை கூட வந்தது போலிருந்தது. அவன் கண்ணை மூடினான். நடுவில் அவள் நிற்க வேண்டும். நிற்கட்டும். அவன் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினான், சுண்ணாம்புக் குறியின் மேல், பழைய ஞாபகத்தின் கையைப் பிடித்து. கம்பளி வாசனை, மூன்று மணி இருட்டு, கையில் மூங்கில். கீச்சு கூடச் சுருதி சேர்ந்தது போலிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அங்கே நிற்பது தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. கடைசி வரியில் பனியும் விழுந்தது. பாட்டு முடிந்து தம்புரா தேய்ந்து போனபின்னும் சற்று நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"நட்டநடுவுல நிக்குதுங் மச்சான்" என்றான். "அசையாம."

மச்சான் தாடையைச் சொறிந்துகொண்டார். அப்புறம் அடங்கிய குரலில், எனக்கென்னமோ முழுக்க இந்த வலது பொட்டிக்குள்ளிருந்தே வந்தாப்ல இருந்துதுங்க என்றார். நம்முளுது மோட்டார் காது, இரைச்சல்லயே ஊறிப்போனது, அதுக்கென்ன தெரியும், நீங்க நடுவுலன்னா நடுவுலதான். இந்தக் கடைசிச் சொல்லில் அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. நாளைக்கே பட்டறையில் மேற்குப் பக்கத்து மேடையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

காப்பித் தட்டோடு வந்த பூங்கோதை வாசற்படியிலேயே நின்றாள். அவள் கண் இடது பெட்டியின் பின்பக்கத்தில் போய் நின்றது. பிறகு சிகாமணியின் முகத்துக்கு வந்தது. பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"ண்ணா, இந்த இடது பொட்டி வயரு கழண்டு கெடக்குது பாரு. நாந்தான் இப்ப வர்றப்பக் காலுல இழுத்துட்டனாட்ட இருக்குது."

மச்சான் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். எதிரில் ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயர் பாடக் கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பிவந்து சொந்தக் காயிலையே அடிக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல டிரான்ஸ்ஃபார்மரின் சந்தனத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இப்பத்தானே கழண்டுது, பாட்டு முடிஞ்சப்புறந்தானே, தப்பிச்சுது போ என்று மூச்சு விட்டார். சிகாமணி தரையைப் பார்த்தான். வாசற்படி எங்கே இருக்கிறது, பெட்டி எங்கே இருக்கிறது. அவள் கால் அந்தப் பக்கமே போகவில்லை. கம்பி நுனி தரையில் கிடந்தது, அவன் முறுக்கிவிட்ட முறுக்கு அப்படியே, ஒருமுறை கூடப் பெட்டியின் திருகாணிக்குள் போகாமல். ஆமாங்க என்று எழுந்தபோது கையிலிருந்து நழுவியது. அப்படியென்றால் பாட்டு முழுக்க ஒரே பெட்டி. அவன் பார்த்த ஆள், நடு, பனி, ஒன்றுமே இல்லை, வலது மூலையில் ஒரு பெட்டி பாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மச்சானின் மோட்டார் காது சரியாகத்தான் கேட்டது. கேட்டதை இவன் வாக்குக்காகக் கீழே போட்டுவிட்டார். பூங்கோதை ஏன் பொய் சொல்கிறாள்? இவனுக்காகத்தான் என்றால், இவன் காது விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்போதிலிருந்து? எண்ணம் கார் மேல் போய் முட்டி நின்றது. அவன் ஓட்டினால் அவள் இடது பக்கம். அவள் ஓட்டினால் அவன் இடது பக்கம், அவனுடைய வலது காது அவள் பக்கம். மாசி. டாக்டரைப் பார்த்த மறுமாதம். எருமைக்குப் பயப்படுகிறவள்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் ஒரு பாய் விரித்துப் போட்டிருக்கிறாள், உட்கார்ந்துகொள்ளலாம். மச்சான் கம்பியை மாட்டுவார், மறுபடி பாட்டு ஓடும், நடுவுல நிக்குதுங் என்று சொன்னால் இம்முறை அது உண்மையாகவே இருக்கும். மச்சானின் கை இன்னும் அந்தச் சந்தனத்தின் மேலேயே இருந்தது.

"இப்பக் கழண்டதில்லீங் மச்சான். நான் மாட்டவே இல்ல. பாட்டு முழுக்க அப்படித்தான் ஓடுச்சு." இடது காதைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு இடது காது கேக்கறதில்லீங். தையிலிருந்தே."

வலது பக்கத்தில் பக்கத்து வீட்டு விசிறி நொண்டியது. மச்சான் ஆம்ப்ளிஃபயர் முன்னால் குந்தியபடியே தங்கையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா அம்மிணி?"

"எனக்குத் தெரியாம? இவுங்களே எப்பச் சொல்லுவாங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

மச்சான் காப்பியை எடுத்து ஆற்றாமல் ஒரு வாய் குடித்து, சுட்டதைக் காட்டிக்கொள்ளாமல் விழுங்கினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான், கோபம் இருக்கவும் செய்தது, கன்னத்தில் அசைந்தது. நாலா எட்டான்னு கேட்டதுக்கு ஆமாங்கன்னீங்களே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும் என்றார் கடைசியில். பிறகு இடது கம்பியைத் தானே பெட்டியின் திருகாணியில் மாட்டி, மாட்டியதை இழுத்துப் பார்த்து, காயிலில் பொசுங்கல் வாடை இல்லையென்று மோந்து தெரிந்துகொண்டு சுவிட்சை மறுபடி தட்டினார். அப்ப இனி ரெண்டும் சேருதான்னு யாருதான் சொல்றது என்று ஸ்பீக்கரிடம் கேட்பது போலக் கேட்டார்.

சிகாமணி சோபாவின் நடுவிலிருந்து எழுந்தான். எழுந்தபின்தான் அந்த இடத்தில் எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. மெத்தையில் அவன் வடிவத்தில் ஒரு பள்ளம். பூங்கோதையை அங்கே உட்காரச் சொன்னான். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க என்றாள், ஆனால் உட்கார்ந்தாள், சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, பஸ்ஸில் உட்காருகிறவள் மாதிரி விளிம்பில். அவன் அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தான், காரில் உட்காருவது போல. கம்புக்கு என்ன செய்வது? மச்சானைக் கூப்பிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நிற்கச் சொன்னான். பாடற ஆள் எங்க இருக்குதோ அங்க உங்கண்ணனை நிறுத்து, அவ்வளவுதான் என்றான் அவளிடம்.

தம்புரா வந்தது. அக்கா வந்தாள். பூங்கோதை தலையை லேசாகச் சாய்த்தாள், கையை நீட்டினாள், வலது பக்கம் வா ண்ணா, இன்னும், போதும், இரு. மச்சான் மடித்துக் கட்டிய வேட்டியோடு, கையில் காப்பி டம்ளரோடு, பிறருடைய விருத்தத்துக்கு வாயசைக்கக் கூட்டிவந்து நிறுத்தியவர் போல நின்றார். சரியாக நடுவில். சிகாமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குக் குரல் இருந்தது, சூடு இருந்தது, இடம் இல்லை. அவன் மச்சானைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை காற்றில் அசையாமல் நின்றது, முதல் வரி, இரண்டாம் வரி, மச்சான் கால் மாற்றி நின்றதற்கு அசையாத ண்ணா என்ற அதட்டல், மூன்றாம் வரி. வெளியே வெளிச்சம் போய்விட்டது, யாரும் விளக்குப் போடவில்லை, வால்வுகளின் சிவப்பில் அவளுடைய வளையல் ஒன்று மட்டும் தெரிந்தது.

கடைசி வரிக்கு அக்கா மூச்சை இழுத்தாள். வளையல் நகர்ந்தது.

"ண்ணா, ஒரு எட்டு பால்கனிப் பக்கம் போ."

"நின்னு பாடற ஆளு நகருமா அம்மிணி?"

"நகருதே" என்றாள் பூங்கோதை. "எதையோ பாக்கப் போறாப்ல."

மச்சான் டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு நகர்ந்தார், இடது பக்கம், சிகாமணிக்கு ஒன்றும் கேட்காத பக்கம். அங்கே நின்று, பாட்டு முடியும் வரைக்கும், பால்கனிக்கு வெளியே எதையோ பார்த்தார்.